பிரித்துத் தைக்கும் வயது

உங்கள் ரவிக்கைகளில் ஒன்றை எடுத்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். அக்குளிலிருந்து இடுப்புவரை பக்கவாட்டில் இரண்டு மூன்று தையல் ஒன்றையொன்று ஒட்டி ஓடியிருக்கும். அதற்கும் வெளியே விரலகலத்துக்குத் துணி மிச்சம் இருக்கும். அப்படி இருந்தால் தைத்தவர் நல்ல கைக்காரர். இந்த உடம்பு இதே அளவில் நிற்காது என்று யோசித்து விட்டுவைத்த துணி அது.

அறுபதைத் தாண்டிய பிறகு வீட்டில் நமக்குக் கிடைக்கும் தையல் வேலையில் புதுசு குறைவு. பிரிப்பது, தளர்த்துவது, ஒடுக்குவது, ஒட்டுப்போடுவதுதான் அதிகம். தோள் முன்போல் மேலே தூக்க வராது. விரல் சின்னக் கொக்கியைப் பிடிக்காது. இடுப்பு பெருத்திருக்கும், அல்லது ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு ஒடுங்கியிருக்கும். துணி மட்டும் பழைய அளவிலேயே அலமாரியில் இருக்கும். அதற்குள் தங்களைத் திணித்துக்கொண்டு, நாள் முழுக்க மூச்சைப் பிடித்தபடி வீட்டுவேலை பார்க்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். ரவிக்கை இறுக்கத்தால் விலாவில் தடம் விழுந்திருந்ததை, அவரை மருத்துவமனையில் சேர்த்த அன்றுதான் கவனித்தேன். வீட்டில் தையல் மெஷின் இருந்தது. எனக்குத் தைக்கவும் தெரியும். ஒரு பிற்பகல் வேலை அது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இந்த அத்தியாயத்தை எழுத அதுவும் ஒரு காரணம்.

ரவிக்கையிலிருந்து தொடங்குவோம்

உடம்புக்கு அருகில் ஓடும் தையலைப் பிரித்தால், அடுத்த தையல் தாங்கிக்கொள்ளும். இரண்டு தையலுக்கும் இடையே கால் இஞ்ச் இடைவெளி இருந்தால், ஒரு பக்கத்தில் முன்துணியும் பின்துணியுமாக அரை இஞ்ச் கிடைக்கும். இரண்டு பக்கமும் பிரித்தால் மொத்தம் ஒரு இஞ்ச். மார்பில் ஒரு இஞ்ச் கூடினால் மூச்சு விடுவதில் உள்ள வித்தியாசம் போட்ட உடனே தெரியும். பிரிக்கும்போது கையின் அடிப்பக்கத் தையலையும் சேர்த்துப் பிரியுங்கள். உடம்பைத் தளர்த்திவிட்டுக் கையை விட்டுவிட்டால் அக்குளில் சுருக்கம் விழுந்து உறுத்தும்.

பாதி பிளேடால் பிரிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கை லேசாக நடுங்கினாலும் துணி கிழியும், விரலும் கிழியும். ஃபேன்சி ஸ்டோரில் ரிப்பர் என்று கேட்டால், பேனா மாதிரி பிடி வைத்து, முனையில் சின்னக் கவை உள்ள கருவி ஒன்று தருவார்கள். நாலைந்து தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்துக்கொண்டே போய், மறுபக்கத்து நூலை இழுத்தால் முழுசாக வந்துவிடும். பிரித்த இடத்தில் கோடும் ஓட்டையும் தெரியும். ஈரத் துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

உள்துணியே விடாமல் தைத்திருந்தால்? பக்கவாட்டுத் தையலை முழுக்கப் பிரித்து நடுவில் ஒரு பட்டை கொடுங்கள். ரவிக்கையை எடுத்துக்கொண்டு மேட்சிங் சென்டருக்குப் போனால், அதே நிறத்தில் டூ பை டூ துணி கால் மீட்டர் வாங்கிவிடலாம். இரண்டு இஞ்ச் அகலப் பட்டையில் இரண்டு ஓரத்திலும் அரை அரை இஞ்ச் தையலுக்குப் போனால், பக்கத்துக்கு ஒரு இஞ்ச் கூடும். நிறம் கொஞ்சம் மாறினாலும் கவலை இல்லை. கைக்கு அடியில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்தது கொக்கி. ஐந்தாறு சின்னக் கொக்கிகளைக் காலையில் மாட்டுவதற்குள் விரல் மூட்டு வலிப்பவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒட்டும் பட்டையை, அதாவது வெல்க்ரோவை, பலரும் சொல்வார்கள். ரவிக்கைக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை. அதன் முரட்டுப் பக்கம் புடவையின் இழையைப் பிடித்து இழுக்கும். வியர்வையில் உறுத்தும். துவைக்கும்போது மூடிப்போட மறந்தால் மற்ற துணியின் பஞ்செல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். பெரிய அளவு பிரஸ் பட்டன் நல்லது. இழுப்பு அதிகம் விழும் நடுப்பகுதியில் மட்டும் பெரிய கொக்கி ஒன்று வைத்துக்கொண்டால், குனியும்போது திறந்துகொள்ளாது. முதுகில் கொக்கி வைத்த ரவிக்கையாக இருந்தால், பின்பக்கத்தை மூடித் தைத்துவிட்டு, முன்பக்கம் நடுவில் வெட்டி, வேறு துணியில் பட்டி வைத்து முன்திறப்பாக மாற்றிவிடுங்கள். தோள் இறுகிப்போகும் நோய் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அவர்களால் முதுகுக்குக் கை கொண்டுபோகவே முடியாது.

அப்படிப்பட்டவர்கள் உடுத்தும்போது வலிக்கிற கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசியில் வர வேண்டும். வீட்டில் உதவி செய்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

நைட்டி, வேட்டி, ஒரு பாக்கெட்

கடையில் வாங்கும் நைட்டி உயரமானவர்களுக்கும் சேர்த்துத் தைத்தது. வயதாக ஆக நமக்கு உயரம் குறையும், முதுகும் சற்று வளையும். நேற்றுவரை பாதத்தைத் தொட்ட விளிம்பு இன்று தரையில் புரளும். நான் மாடிப்படி ஏறும்போது அந்த விளிம்பை மிதித்துத் தடுமாறியிருக்கிறேன். கையில் பால் சொம்பு இருந்ததால் பிடித்துக்கொள்ளவும் கை இல்லை. எப்படியோ சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். அன்றைக்கே வீட்டில் இருந்த எல்லா நைட்டியையும் கணுக்கால் தெரியும் அளவுக்கு மடித்து அடித்தேன். இந்த நூலில் ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். அளவெடுக்கும்போது வெறுங்காலோடு, வழக்கம்போல் நிற்கிற நிலையில் நில்லுங்கள். குனிந்து நீங்களே அளக்காதீர்கள். குனிந்தால் முன்பக்கம் தாழும், அளவு தப்பும். வேறொருவர் தரையிலிருந்து மூன்று இஞ்ச் உயரத்தில் சுற்றிலும் சாக்பீஸ் குறி போடட்டும். முதுகு வளைந்தவர்களுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு மடிப்பு வராது. முன்னால் கூடுதலாக மடிக்க வேண்டியிருக்கும்.

வெட்டி எடுத்த துண்டு இருந்தால் அதில் ஒரு பாக்கெட் வையுங்கள். கைபேசியும் மூக்குக் கண்ணாடியும் அதில் போனால், ஒரு கை சுவரைப் பிடிக்க மிச்சம் இருக்கும். பாக்கெட்டின் மேல் மூலை இரண்டிலும் முக்கோணமாக இரண்டு முறை அடிக்காவிட்டால், கைபேசியின் கனத்தில் அங்கேதான் முதலில் பிய்யும்.

ஆண்களுக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்பது பெரிய குறை. வெளியே சொல்ல மாட்டார்கள். ஒட்டும் பட்டை வைத்த வேட்டி இப்போது கடையில் கிடைக்கிறது. வீட்டில் இருக்கும் நாலு முழத்திலும் அதை வைக்கலாம். இடுப்பு அளவு நாளுக்கு நாள் மாறுவதால், மென்மையான பக்கத்தை ஒரு சாண் நீளத்துக்கு வைத்து, முரட்டுப் பக்கத்தைச் சிறு துண்டாக வையுங்கள். சாப்பிடும் முன்பு ஓரிடத்தில் ஒட்டலாம், சாப்பிட்ட பிறகு தளர்த்தி வேறிடத்தில் ஒட்டலாம். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போகிறவர்களுக்கு மூட்டிய கைலிதான் நல்லது. அதன் நீளத்தையும் நைட்டி மாதிரியே குறைத்துவிடுங்கள்.

மெஷினை எழுப்புதல்

பத்து வருஷமாக மூடியே கிடக்கும் மிதி மெஷினை விற்றுவிடாதீர்கள். பிள்ளைகள் இடத்தை அடைக்கிறது என்பார்கள். அந்தக் கருப்பு மெஷின்களில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. பெரும்பாலும் எண்ணெய் இறுகியிருக்கும், பல்லுக்கு அடியில் பஞ்சு அடைந்திருக்கும், தோல் பெல்ட் தளர்ந்திருக்கும். இவை மூன்றையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

ஊசியையும் பாதத்தையும் கழற்றிவிட்டு, பாபின் கேஸை எடுங்கள். தகட்டைத் திறந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பஞ்சைத் துடைத்தெடுங்கள். மெஷின் தலையைப் பின்னால் சாய்த்து (கனமானது, ஆள் வைத்துக்கொள்ளுங்கள்) அடியில் இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சொட்டு எண்ணெய். மேலே இருக்கும் ஓட்டைகளிலும் ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெய் மட்டுமே விட வேண்டும். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் மெஷின் நகராது. கோடையில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். முன்பே அப்படி விட்டிருந்தால், மெஷின் எண்ணெயைச் சற்றுத் தாராளமாக விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றி இளக்குங்கள். பிறகு நூல் கோக்காமல் ஐந்து நிமிடம் மிதியுங்கள். எண்ணெய்க் கறை விழாமல் வரும்வரை கழிவுத் துணியில் ஓட்டிவிட்டுத்தான் நல்ல துணியை வைக்க வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தால் கொக்கியைக் கழற்றி, அரை இஞ்ச் வெட்டி, மறுபடி துளை போட்டு மாட்டுங்கள்.

ஊசி மாற்றும்போது, ஊசியில் நீளமாக ஒரு பள்ளம் ஓடுவதை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நூல் அந்தப் பள்ளத்தின் பக்கமிருந்து உள்ளே போய், தட்டைப் பக்கம் வெளியே வர வேண்டும். மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர், ரவிக்கைக்கு 14, கைலி, பேன்ட்டுக்கு 16, பல மடிப்புப் போர்வைக்கு 18. அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாக விழுந்தால், பாபினைக் குறை சொல்லாதீர்கள். தவறு பெரும்பாலும் மேல் நூலில்தான். பாதத்தைத் தூக்கிவைத்து மேல் நூலை முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். பழைய நூல்கண்டை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் அது தைக்க ஆகாது. துணி டேப்பையும் ஒருமுறை இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள். பல வருஷம் இழுபட்ட டேப் நீண்டுபோயிருக்கும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் மிதிக்க வேண்டாம். இதே மெஷினில் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார் பொருத்திக்கொள்ளலாம், பாதத்தால் லேசாக அழுத்தினால் ஓடும். தொடக்கத்தில் அதன் வேகம் மிரட்டும். அரை நாள் வெறும் தாளில் நேர்கோடு ஓட்டிப் பழகுங்கள். எதில் தைத்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். முதுகுச் சாய்மானம் இல்லாத முக்காலியில் உட்காராதீர்கள்.

கண்ணும் ஊசியும்

அறுபது வயதுக் கண்ணில் விழித்திரைவரை போய்ச்சேரும் வெளிச்சம், இருபது வயதில் போனதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் கூடத்து டியூப் லைட் போதாது. ஜன்னலோரம், பகலில், இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி உட்காருங்கள் (இடக்கைக்காரர்களுக்கு வலது பக்கம்). கருப்பு, கருநீலம், அடர்பச்சை நூல்கள் ஒன்றாகவே தெரிந்தால், நூல் பெட்டியில் ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்தில் நிறத்தை எழுதி ஒட்டிவையுங்கள், கண்ணையும் காட்டுங்கள். கண்புரையாக இருக்கலாம். மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களால், புரை அறுவை நம் பக்கத்தில் எளிய மனிதருக்கும் எட்டுகிற ஒன்றாகிவிட்டது. தள்ளிப்போட வேண்டாம்.

ஊசி கோக்கப் பேரப்பிள்ளையை ஒவ்வொரு முறையும் கூப்பிட வேண்டியதில்லை. அவன் வந்திருக்கும்போது ஒரு நூல்கண்டின் நுனியில் பத்து ஊசிகளை வரிசையாகக் கோத்துத் தரச் சொல்லுங்கள். தைக்கும்போது முதல் ஊசியை நுனியோடு நிறுத்தி, மற்ற ஒன்பதையும் நூலிலேயே பின்னால் தள்ளிவிட்டு, வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். அடுத்த ஊசி தயாராகக் காத்திருக்கும். ஒரு வாரத்துக்கு யாருடைய கண்ணும் தேவைப்படாது.

அந்தப் பத்து என்ற எண்ணிக்கையை மறக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணித்தான் பெட்டியை மூட வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர் வீட்டில் இருந்தால், ஊசி ஏறியது அவருக்குத் தெரியவே தெரியாது. சீழ் வைத்த பிறகுதான் பார்ப்பார். ஓர் ஊசி குறைந்தால் காந்தத்தை ஒரு துணியில் சுற்றிக் குச்சியில் கட்டி, தரையெங்கும் தடவித் தேடுங்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தம் போதும். கிடைக்கும்வரை அந்த அறைக்குள் யாரும் வெறுங்காலோடு போகக் கூடாது.

பழைய புடவைகள்

இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு அதிக ஆசை. ஐந்தரை மீட்டர்ப் புடவையை வெட்டாமல் மூன்றாக மடித்தால், ஆறடி நீளமும் மூன்றே முக்கால் அடி அகலமும் உள்ள மூன்றடுக்குப் போர்வை கிடைக்கும். ஓர் ஆளுக்குப் போதும். கடையில் வாங்கும் கம்பளி வயதானவர்களுக்குக் கனம். தூக்கத்தில் புரள முடியாது. துவைத்தால் பிழியவும் முடியாது. புடவைப் போர்வை காற்றுப்போல் இருக்கும், ஒரு வாளியில் துவைக்கலாம்.

கண்டாங்கி போன்ற தடித்த பருத்தி வெளியடுக்குக்கு நல்லது. மதுரைச் சுங்குடி போல் நைந்து மெத்தென்று ஆனது உடம்பைத் தொடும் பக்கத்துக்கு நல்லது. இரண்டு புடவை சேர்த்தால் ஆறடுக்கு, மார்கழிக்குப் போதும். முதலில் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவம் உரசும் இடமும் கால்பக்கத்து விளிம்பும் சல்லடை மாதிரி தெரியும். அந்தப் பகுதி நடு அடுக்குக்குள் போகும்படி மடியுங்கள். ஜரிகைக் கரை இருந்தால் கழுத்தில் உறுத்தும், பிரித்தெடுத்துவிடுங்கள். தரையில் விரித்துக் குனிந்து வேலை செய்ய வேண்டாம். கட்டிலின் மேல் விரித்து, ஒரு சாணுக்கு ஒரு வரிசையாகப் பெரிய தையலாக முதலில் கட்டுங்கள். பிறகு இரண்டு விரல் இடைவெளியில் ஓட்டுத் தையல். நடுவிலிருந்து ஓரத்துக்கு வர வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி புடைத்து நிற்கும். ஒரு நாளைக்கு நாலு வரிசை தைத்தால் போதும். எனக்கு ஒரு போர்வைக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அம்மாவின் புடவை தினம் என் மடியில் இருந்தது.

நைந்த வேட்டியைத் தூக்கிப்போடாதீர்கள். பச்சைக் குழந்தைக்கு முதலில் பழைய துணிதான் சுற்றுவோம். புதுத்துணியின் கஞ்சி அதன் தோலுக்கு ஆகாது. ஆனால் அந்துருண்டை போட்ட அலமாரியில் இருந்த துணியை அப்படியே சுற்றக் கூடாது. பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக உள்ள சில குழந்தைகளுக்கு அந்த நெடியே ரத்த அணுக்களை உடைத்துவிடும். வெந்நீரில் அலசி, இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டாலும், நெடி அடித்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். குழந்தைக்கென்று எடுத்துவைக்கும் துணிக்குக் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போதும்.

போடி பக்கத்து இலவம்பஞ்சுத் தலையணை தட்டையாகிவிட்டால் வெயிலில் வைத்துத் தட்டுங்கள், மறுபடி உப்பும். பிரித்து நிரப்பும் வேலையை இளையவர்களிடம் விடுங்கள். அந்தப் பஞ்சு மூச்சுக்குள் போனால் நமக்கு இருமல் அடங்காது.

கால்மிதி வேண்டாம்

பழைய துண்டிலும் புடவையிலும் பின்னிய கால்மிதி எனக்கும் பிடிக்கும். நிறையத் தைத்திருக்கிறேன். இப்போது என் வீட்டில் ஒன்றுகூட இல்லை. வழவழப்பான டைல்ஸில் துணிக் கால்மிதி வழுக்கும், ஓரம் சுருண்டு காலைத் தட்டும். ஈரம் துடைக்கக் கட்டாயம் ஒன்று வேண்டும் என்றால், அடியில் ரப்பர் வலை வைத்துத் தைத்து, ஒரே இடத்தில் போடுங்கள். கூடத்து ஜமக்காளத்தின் ஓரம் பிரிந்திருந்தால் கையால் கோத்துக் கட்டுங்கள்.

குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழக் கூடாது. உங்கள் கனத்தைத் தாங்கும்படி பொருத்தியது அல்ல அது. சுவரில் துளைபோட்டு இறுக்கிய கைப்பிடி தனியாக வேண்டும். திரைச்சீலை கழற்ற ஸ்டூலில் ஏறாதீர்கள். போகிக்கு முன்னால் பிள்ளைகள் வரும் நாளுக்கு அதை ஒதுக்கிவையுங்கள். நிறைந்த சமையல் எரிவாயு சிலிண்டர் 30 கிலோ அளவு வரும், சக்கரப் பலகையில் வைத்துத்தான் நகர்த்த வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வருஷம் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். கொடிக்கயிற்றைத் தோள் உயரத்துக்கு இறக்குங்கள். பரணில் இருந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது எடுக்கும் பொருள் எதுவானாலும், அதற்குக் கீழே இடம் பண்ணுங்கள்.

இனிப் புது ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது, பக்கவாட்டில் ஒன்றரை இஞ்ச் உள்துணி விட்டு, மூன்று தையல் போடச் சொல்லுங்கள். துணி அகலம் பத்தாது என்பார். அப்படியானால் 80 சென்டிமீட்டருக்குப் பதில் ஒரு மீட்டராக எடுத்துக் கொடுங்கள். கத்தரி வைப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். வெட்டிய பிறகு சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.